அழுக்கன்று, ஒவ்வாமை

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பை எடுத்துரைக்க வல்லவர் பலர் இம்மேடையில் அமர்ந்துள்ளனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது, கம்பளிப்பூச்சியைப் பற்றியது. அச்சிறு பூச்சி ஒரு தலைமையாசிரியரைத் தலைகுனிய வைத்த நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில், நம் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவர் நால்வர்க்குக் கழுத்திலும் கைகளிலும் தடிப்புகள் எழுந்து ஓயாத அரிப்பு உண்டாயிற்று. நால்வரும் நம் தெருப் பிள்ளைகள். "இது சிரங்கு, குளிக்காமல் வருகிறார்கள், மற்றவர்க்கும் தொற்றும்" என்று கூறி, ஆசிரியர் ஒருவர் அவர்களைத் தனியே அமர்த்தினார். நாம் என்ன செய்தோம்? அதே போன்ற தெருவில் பிறந்து, அதே சொற்களைக் கேட்டு வளர்ந்த நாமும், "நன்றாகக் குளித்து வாருங்கள்" என்று சொல்லி அவர்களை வீட்டுக்கு அனுப்பினோம்.

மறுநாள் ஒரு மாணவனின் தாய் வந்தார். "இரண்டு வேளையும் குளிப்பாட்டித்தான் அனுப்புகிறேன், ஐயா. பிள்ளைகள் உட்காரும் மரத்தடியை வந்து பாருங்கள்" என்றார். சென்று பார்த்தோம். மற்றப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் அமர்ந்து உண்ண, இந்நால்வரும் ஒரு முருங்கை மரத்தில் சாய்ந்து உண்பது வழக்கம். அம்மரத்தின் அடிப்பகுதியில் கம்பளிப்பூச்சிகள் அடையாய் அப்பியிருந்தன.

கம்பளிப்பூச்சி என்பது அந்துப்பூச்சியின் இளம்பருவமே. மழை தொடங்கியதும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாய்க் கிடந்தது அந்துப்பூச்சியாய் வெளிவந்து, முருங்கை இலையிலும் இளந்தண்டிலும் கொத்தாக முட்டையிடுகிறது. பொரித்த புழுக்கள் அடிமரத்தில் கூட்டமாய்த் தங்குகின்றன. அவற்றின் நுண்மயிர்கள் தோலில் குத்தி ஒடிந்து நின்றுவிடும். காற்றில் பறந்து, கொடியில் உலரும் துணியிலும் படியும். ஆகவே பூச்சியைத் தொடாதவர்க்கும் அரிப்பு வரலாம். செத்த பூச்சியின் மயிரும் தீங்கு செய்யும்.

மயிர் குத்தினால் எவர்க்கும் எரிச்சல் உண்டு. சிலர்க்கு அதற்கு மேலும் ஒன்று நிகழ்கிறது. உடலின் காவல் ஆற்றல் அப்பொருளைப் பெரும்பகையாக எண்ணி, அளவுக்கு மீறிப் போர் தொடுக்கிறது. இதனையே ஒவ்வாமை என்கிறோம். 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906இல் ஆக்கியவர் வியன்னா நகர மருத்துவர் வான் பிர்க்கே.

புழுவாலன்றிப் பறக்கும் அந்துப்பூச்சியாலும் ஒவ்வாமை வரும். வெனிசுவேலா நாட்டுக் காரிப்பிட்டோ துறைமுகத்தில், விளக்கொளியை மொய்த்த அந்துப்பூச்சிகள் உதிர்த்த மயிரால் கப்பல் பணியாளர்கள் அரிப்புற்றனர். அந்நோய்க்கு அவ்வூரின் பெயரே வழங்கலாயிற்று. நம் நாட்டிலும் பட்டுப்பூச்சி முட்டை எடுக்கும் நிலையங்களில், பூச்சியின் சிறகுத் தூளைச் சுவாசிக்கும் தொழிலாளர்க்கு மூச்சிரைப்பு வருவதுண்டு. வேலை நாளில் இரைப்பு மிகுந்து, விடுமுறையில் தணியுமாயின், தொழிலே காரணமாகலாம் என்று ஐயுற்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சிரங்கையும் இதனையும் பிரித்தறிவது எப்படி? சிரங்கு மெல்ல வரும். இரவில் அரிப்பு மிகும். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தோன்றும். வீட்டில் பலர்க்கும் பரவும். பூச்சிக்கடுப்போ திடீரென வரும். மயிர் பட்ட கழுத்திலும் கையிலும் தடிக்கும். ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு நோயாகத் தொற்றாது. சிரங்கும்கூடக் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரால் வருவதே. அது தெருவைப் பார்த்து வருவதன்று.

மயிர் பட்டால் முதலில் தேய்க்காதீர்கள். தேய்த்தால் அது மேலும் உட்செல்லும். சாணமும் சாம்பலும் பூசாதீர்கள். ஒட்டும் பிளாஸ்திரியை மெல்ல ஒட்டி எடுத்தால் மயிர் அதனோடு வந்துவிடும். பிறகு சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள். உடுத்திய துணியைக் களைந்து தனியே துவையுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் நீரால் அலசி, அன்றே கண் மருத்துவரைக் காணுங்கள். உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ, அஃது உயிருக்கு இடர். கை வைத்தியத்தில் காலம் கடத்தாமல் 108 ஊர்தியை அழையுங்கள்.

வருமுன் காப்பதும் எளிதே. மழைக்காலத்தில் முருங்கை மரத்தை நாள்தோறும் பாருங்கள். முட்டைக் கொத்துள்ள இலையைக் கையுறை அணிந்து கிள்ளி அழியுங்கள். பூச்சிகளைத் தீப்பந்தத்தால் பொசுக்கும் வழக்கம் உண்டு. அதனைச் செய்வோர் உடலையும் மூக்கையும் துணியால் மூடி, காற்று வரும் பக்கம் நின்று, பிள்ளைகளை அகற்றிவிட்டுச் செய்க. கூரை வீட்டருகே தீ வேண்டா. வேளாண் அலுவலரிடம் மருந்து கேட்டுத் தெளியுங்கள். மரத்தடியில் துணி உலர்த்தாதீர்கள். இரவில் விளக்கெரியும்போது சன்னலுக்கு வலையிடுங்கள்.

அந்நால்வரையும் மறுநாள் வகுப்பின் முன்வரிசையில் அமர்த்தினோம். எல்லா மாணவர் முன்னும் நம் தவற்றைச் சொல்லி வருந்தினோம். ஆசிரியரும் உடன் வருந்தினார். மரம் சுத்தம் செய்யப்பட்டது. அன்று முதல் அனைவரும் ஒரே தாழ்வாரத்தில் அமர்ந்து உண்ணலாயினர்.

இளைஞர்களே! நாம் பெற்ற இரண்டு பட்டங்கள் அன்று நமக்கு உதவவில்லை. எழுத்தறியாத அத்தாய் மரத்தைப் பார்த்தார். நாமோ தெருவைப் பார்த்தோம். உங்கள் பிள்ளையை எவரேனும் அழுக்கு என்று ஒதுக்கினால், தலைகுனியாதீர்கள்; காரணம் என்னவென்று கேளுங்கள், தேடுங்கள், எடுத்துக் காட்டுங்கள். அவ்வாறு கேட்கக் கற்பிப்பதே கல்வி.