புகாருக்குப் பின் வரும் இரவு

அறக்கட்டளைச் சொற்பொழிவு



வன்முறை நடந்தபின் அரசு என்ன செய்கிறது என்று பேசச் சொன்னீர்கள். உலகத்தையே சுற்றி வரலாம் இந்தத் தலைப்பில். நான் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியை விட்டு அதிக தூரம் போகப் போவதில்லை.

2023 ஆகஸ்ட் 9 இரவு, அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, அவன் பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். குறுக்கே விழுந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டுப்பட்டவர்கள் பட்டியல் சாதிப் பிள்ளைகள். வெட்டியவர்கள் அந்த வட்டாரத்து ஆதிக்கச் சாதி வீட்டுப் பிள்ளைகள். அண்ணனும் தங்கையும் பிழைத்தார்கள். அந்த மாணவன் அடுத்த ஆண்டே பொதுத்தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினான். அதைப் பாராட்டினோம். பாராட்டியதில் சற்று நிம்மதியும் அடைந்துகொண்டோம். அந்த நிம்மதி எனக்கு உறுத்துகிறது.

வெட்டுக்கு முந்தைய நாட்களைப் பாருங்கள். பையன் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டார்கள். சக மாணவர்கள் செய்யும் தொல்லையை அவன் சொன்னான். புகார் பதிவானது. அன்றிரவே அரிவாள் வந்தது. அரசு இயந்திரம் தூங்கிவிட்டது என்று வழக்கமாகச் சொல்லும் கதை இங்கே பொருந்தாது. விசாரித்தார்கள், எழுதி வாங்கினார்கள். புகார் வாங்குவதற்கு வழி இருந்தது. புகார் கொடுத்தவன் அன்றிரவு எங்கே படுப்பான் என்று யோசிக்கத்தான் யாரும் இல்லை.

இனி அரசு செய்தது. சில நாட்களுக்குள் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. பள்ளி, கல்லூரிகளில் சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்லவேண்டும் என்பது அதன் பணி. 2024 ஜூன் 18இல் அறிக்கை முதலமைச்சர் கைக்குப் போனது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது. கையில் வண்ணக் கயிறு, நெற்றியில் சாதி அடையாளம் கூடாது. வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வையுங்கள். ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அலுவலராகவோ போடாதீர்கள். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் கொண்டுவாருங்கள். இப்படி நீள்கிறது.

ஊர் எதைப் பிடித்துக்கொண்டது? கயிற்றையும் பொட்டையும். சென்னை மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் பா.ஜ.க. உறுப்பினர் ஒருவர் அறிக்கையின் பிரதியைக் கிழித்தார். தொலைக்காட்சி விவாதங்கள் அங்கேயே சுழன்றன.

கயிறு அற்பம் என்று நான் சொல்லமாட்டேன். எந்த நிறம் யாருடையது என்று வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனுக்கும் தெரியும். ஆனால் கயிற்றைத் தடுக்க நாங்குநேரி தேவைப்பட்டதா? 2019 ஜூலை இறுதியிலேயே பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவிக் கயிறு கட்டும் பள்ளிகளைக் கண்டறிந்து அந்த வழக்கத்தை நிறுத்துங்கள் என்றார். பயிற்சியில் இருந்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்த குறை அது. எதிர்ப்புக் கிளம்பியது. எனக்குத் தெரியாமல் போன சுற்றறிக்கை என்றார் அன்றைய அமைச்சர். அதோடு அடங்கிப்போனது. நான்கு ஆண்டு கழித்து ரத்தம். அறிக்கை வந்து ஓராண்டு கழித்து, 2025 ஜூனில், கயிற்றைத் தடுக்கும் சுற்றறிக்கை மறுபடி பள்ளிகளுக்குப் போனது.

பெயரை எடுப்பதும் நமக்குப் புதிதல்ல. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டியல் சாதி விடுதலை வீரரான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியபோது தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. பிறகு எல்லாச் சாதியினரும் சேர்ந்து வாழும் குடியிருப்புகளாகச் சமத்துவபுரங்கள் வந்தன. தொழில் வளர்ச்சி இல்லாமல் தென்மாவட்டங்கள் அமைதி பெறாது என்று நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் குழு சொன்னது. நாங்குநேரியிலேயே சுமார் 2,500 ஏக்கரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் வெறும் நிலமாகவே கிடந்தது. அந்த நிலத்தில் வேலை வந்திருந்தால் அந்தப் பையன்கள் அரிவாள் எடுத்திருக்கமாட்டார்கள் என்று சொல்வதற்கு எனக்குத் துணிவில்லை. ஆனால் பெயர் நீக்கம் உடனே நடந்தது, தொழிற்சாலை வரவில்லை என்பதைக் கணக்கில் எழுதிவைக்க வேண்டும்.

2024 அறிக்கையில் செலவு பிடிக்கும் ஒரு யோசனை உண்டு. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர். ராகிங், போதைப்பொருள், பாலியல் தொல்லை, சாதிக் கொடுமை எல்லாவற்றையும் அவர் கவனிக்கவேண்டும். யாரும் இதைக் கிழிக்கவில்லை. யாரும் இதற்காகக் குரலும் கொடுக்கவில்லை. என் பார்வையில் அறிக்கையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் 15ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை என்கிறது அது. நல்ல பிரிவுதான். நடைமுறையில் அதன் கை நீளுவது காவல் நிலையத்தில் வழக்கு என்று ஒன்று பதிவான பிறகு. வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்த காகிதம் வழக்கு அல்ல. அந்தக் காகிதத்துக்கும் முதல் தகவல் அறிக்கைக்கும் நடுவில் ஒரு மாலைப்பொழுதும் ஓர் இரவும் இருக்கின்றன. குறைசொல்லக் கல்வி உதவி எண் 14417 இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. எண்ணைச் சுழற்றியபின் அந்தத் தெருவுக்கு யார் வருவார்?

வகுப்பாசிரியரைக் குறைசொல்வது எளிது. பாடம், தேர்வு, விலையில்லாச் சைக்கிள், மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் ‘எமிஸ்’ பதிவு என்று ஆயிரம் வேலை அவருக்கு. போதாததற்கு அவரும் அதே ஊரில் குடியிருப்பவர். இரு தரப்புப் பெற்றோர் முகத்திலும் நாளை விழிக்கவேண்டியவர். ‘கூப்பிட்டுக் கண்டிச்சு விட்டாச்சு’ என்று முடித்துவிட்டு, கண்டிக்கப்பட்டவனையும் புகார் சொன்னவனையும் ஒரே பேருந்தில் ஏற்றி அனுப்பும் பள்ளிகள் எத்தனையோ.

ஆகவே பள்ளி நல அலுவலர் அந்த வட்டாரத்துக்காரராக இருக்கக்கூடாது. தலைமையாசிரியருக்குக் கீழேயும் இருக்கக்கூடாது. இருந்தால் பள்ளியின் நற்பெயர் முதலில் நிற்கும். புகார் கையில் வந்த அன்றே காவல்துறைக்குத் தகவல் சொல்ல, பிள்ளையை உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கவைக்க, எதிர்த்தரப்புப் பெற்றோரை அன்று மாலையே உட்காரவைத்துப் பேச அவருக்கு எழுத்தில் அதிகாரம் வேண்டும். மிரட்டிய பையனிடமும் அவர் பேசவேண்டும். பதினேழு வயதில் அரிவாளோடு போனவனுக்கு அதை வீரம் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறார்கள். பள்ளி அவனையும் கைகழுவக்கூடாது.

2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாறியது. நல்ல பெயர், ஆனால் பெயர் மட்டும் போதாது. இந்த அரங்கில் இருக்கும் சட்டமன்ற, பத்திரிகை நண்பர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த மானியக் கோரிக்கையின்போது பள்ளிக் கல்வித் துறைப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்: நல அலுவலர் என்ற பணியிடம் இருக்கிறதா, இருந்தால் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கின்றன.

கேள்விக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள் முதலில் கேளுங்கள், பேராசிரியர்கள் பிறகு.