தொண்ணூறு மைல் கடலும் ஒரு சட்டமும்



அமெரிக்காவின் கீ வெஸ்டிலிருந்து கியூபாவுக்குக் கடல்வழி ஏறத்தாழ 90 மைல். 1962இல் விதித்த வணிகத் தடை இன்றும் நீங்கவில்லை. "போகலாமா?" என்று அங்குள்ள உல்லாசப் படகுக்காரர் வாதிடுவதில் வியப்பென்ன?

1982இல் இறுக்கிய விதிகளைச் சட்டம் கற்றோர் என்ற முறையில் நோக்கினோம். பயணத்தையன்று, ஆங்கே பணம் செலவிடுவதையே அவை தடுத்தன. காலை வைக்கலாம், காசை வைக்கலாகாது! துறைமுகக் கட்டணமின்றிப் படகைக் கட்டுவதெங்ஙனம்? அந்நாட்டு அதியுயர் நீதிமன்றமோ 1984இல், நால்வர் மறுக்க, ஐவர் தீர்ப்பால் இத்தந்திரத்துக்கு இடங்கொடுத்தது.

பின்னர் ஒபாமா ஆட்சி தளர்த்தியது. 2019 ஜூனில் ட்ரம்ப் ஆட்சி உல்லாசப் படகுகளுக்கு மீண்டும் கதவடைத்தது.

இருளில் களவாய்ச் செல்வோம் என்போரை நாம் ஆதரியோம். அனுமதி கேட்டு, மறுத்தால் வழக்காடத் துணிவோருக்கே எமது வாக்கு.