வண்டி இன்சூரன்ஸ்: யார் பாரத்தை யார் சுமப்பது?

(ஏற்காட்டில் வணிகர்களும் வாலிபர்களும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காப்பீடு மார்க்க அடிப்படையில் கூடுமா, கூடாதா என்பதை ஆலிம் பெருமக்கள் விளக்குவார்கள். அதற்குள் நான் நுழையவில்லை. ஆனால் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு. கட்டாயப்படுத்தி வாங்கும் பணம் என்றால், அந்தத் தொகை எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா, இல்லையா?

2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் அறிவிப்பைப் பாருங்கள். 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு தேர்டு பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய். 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு 7,897 ரூபாய். சரி, போகட்டும். மிளகும் காய்கறியும் ஏற்றி இறக்கும் நம் வியாபாரிகளின் குட்டியானைக்கு எவ்வளவு? 16,049 ரூபாய்! சிறிய காரைப் போல ஏழு மடங்குக்கும் மேல்.

ஏன் இப்படி? 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டிகள் எல்லாம் ஒரே படிநிலை. வண்டியும் சரக்கும் சேர்ந்து ஒன்றரை டன் சொச்சம் வரும் குட்டியானையும் ஏழரை டன் லாரியும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றுதான். 40 டன்னுக்கு மேற்பட்ட பெரிய லாரிக்கு 44,242 ரூபாய். எடையில் 25 மடங்குக்கும் மேல் வித்தியாசம். பிரீமியத்தில் மூன்று மடங்குகூட இல்லை. பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று சிந்தித்துப் பாருங்கள்!

கம்பெனிகள் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. குட்டியானை மோதி இறந்தவரின் குடும்பத்துக்கும் லாரி மோதி இறந்தவரின் குடும்பத்துக்கும் நஷ்டஈடு ஒரே அளவுகோலில்தான். அந்தத் தொகைக்கு உச்சவரம்பும் கிடையாது. உண்மைதான். ஆனால் எந்த வண்டி எத்தனை முறை மோதுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டாமா? எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பது வர வேண்டாமா? மாதம் இரண்டு தடவை சேலம் போய் வரும் வண்டியும், இரவு பகலாக ஓடும் வண்டியும் ஒரே தொகை கட்டுகின்றன. அதே அறிவிப்பில் பழம்பெரும் விண்டேஜ் கார்களுக்கு 50 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது. அந்தக் கார்கள் ஓடுவது குறைவு என்பதைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்? பணக்காரரின் ஆசைக்காருக்குக் கிடைக்கும் நியாயம், பிழைப்புக்கு ஓடும் வண்டிக்கு ஏன் கிடைக்கவில்லை?

இன்னொன்று. 20 கொண்டை ஊசி வளைவுகளில் வருடக்கணக்காக ஒரு கீறல் விழாமல் ஏறி இறங்குகிறவருக்கு என்ன சலுகை? நோ கிளைம் போனஸ் இருக்கிறதே என்பீர்கள். முதல் ஆண்டு 20 சதவீதம், ஐந்து ஆண்டில் 50 சதவீதம் வரை. ஆனால் அது சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும்தான். தேர்டு பார்ட்டி பகுதிக்கு ஒரு பைசாவும் கிடையாது. (அந்த போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்கினால் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்ட் தானாகச் சொல்லமாட்டார்.)

சொந்தச் சேதப் பகுதிக்கு 2007 ஜனவரி முதல் கம்பெனிகளே விலை வைக்கின்றன. அதற்கு முன் இருந்த 2002ஆம் ஆண்டு கட்டண முறையில் சென்னை உள்ளிட்ட 8 நகரங்களின் கார்கள் ‘ஏ’ மண்டலம். மற்ற ஊர்கள் எல்லாம் ‘பி’. தஞ்சாவூர்ச் சமவெளியும் சேர்வராயன் மலையும் ஒன்று! நமக்கு அது லாபமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஊரைப் பார்த்து, தெருவைப் பார்த்து விலை வைக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும்?

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே அஞ்சல் குறியீட்டுக்கு ஏற்ப கார் பிரீமியம் மாறும். வெள்ளையர் அல்லாதோர் சராசரியாக ஆண்டுக்கு 250 பவுண்ட் அதிகம் கட்டுவதாக சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2022இல் கண்டறிந்து சொன்னது. விண்ணப்பத்தில் யாரும் நிறத்தைக் கேட்கவில்லை; முகவரியைத்தான் கேட்டார்கள். நம் நாட்டில் கடன் விஷயத்தில் இந்த வேதனையை நாம் அறிவோம். சில வங்கிகள் சில பகுதிகளை ‘எதிர்மறைப் பகுதி’ என்று ஒதுக்கி வைப்பதை 2006ஆம் ஆண்டு சச்சார் குழு அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. இன்சூரன்ஸிலும் அது வேர்விடுவதற்கு முன்பே நாம் விழித்திருக்க வேண்டாமா?

சட்டம் நமக்குத் துணையாக இருக்கிறது, சகோதரர்களே! அரசு வேலையிலும் பெயர்பெற்ற நிறுவனங்களிலும் சம்பளம் வாங்குவோருக்கு மட்டும் என்று எல்.ஐ.சி. ஒரு பாலிசியை வைத்திருந்தது. வியாபாரிக்கு இல்லை, கூலிக்காரருக்கு இல்லை. 1995இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது.

செய்ய வேண்டியது என்ன? ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் வசதியை சொந்தச் சேதப் பகுதிக்கு 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்திருக்கிறது. குறைவாக ஓட்டுபவர்கள் அதைக் கேளுங்கள். பிரீமியத்தில் தகராறு என்றால் முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், கட்டணம் இல்லை.

2022இல் தேர்டு பார்ட்டி கட்டணத்தை மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. குட்டியானை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் எழுதினோம்? அடுத்த வரைவு வரும்போது, 7,500 கிலோ படிநிலையை உடைத்து இரண்டு டன்னுக்குக் கீழே தனிப் படிநிலை வேண்டும் என்று இந்த மலையிலிருந்து கடிதங்கள் போக வேண்டும். படித்த வாலிபர்கள் கடைகடையாகச் சென்று எழுதிக் கொடுங்கள். மொத்த எடை, ஆண்டுக்கு ஓடும் கிலோமீட்டர், எத்தனை ஆண்டாக கிளைம் இல்லை என்ற மூன்று விவரம் போதும். எடை எவ்வளவு என்பது ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கிறது, இன்று இரவே எடுத்துப் பாருங்கள்.