அடுப்பங்கரையில் வளர்ந்த பிடில்

பிடில் என்றதும் தமிழ் நேயர்களின் மனக்கண்முன் தோன்றுபவர், கச்சேரி மேடையிலே பாடகருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் வித்துவான். அதே வாத்தியம் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், கனடா நாட்டின் கீழ்க்கரையிலுள்ள ஒரு தீவிலே, மேடையை நம்பாது அடுப்பங்கரையை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்கிறது. அது அழிந்துவிடும் என்ற அச்சம் அங்கே ஒருமுறை எழுந்தது. அந்த அச்சத்துக்கு ஊரார் அளித்த விடை, தம் இசையைப் பேண விரும்பும் எந்தச் சமூகமும் அறியத்தக்கது.

அத்தீவின் பெயர் கேப் பிறெற்றன். நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஸ்கொட்லாந்தின் மலைநாட்டு மக்கள் பல்லாயிரவர் அங்கே வந்து குடியேறினர். செம்மறியாட்டுப் பண்ணைகளுக்கு இடம் வேண்டி நிலவுடைமையாளர்கள் குடியானவர்களை வெளியேற்றிய காலம் அது. நிலத்தை இழந்து கப்பலேறியவர்கள் தம் கேலிக் மொழியையும், சமயத்தையும், ஆடற்பாட்டுகளையும் இழக்கவில்லை. அவற்றைக் கூடவே கொண்டு சென்றனர்.

அங்கே மாரிகாலம் நீண்டது, கடுங்குளிர் உடையது. இரவானதும் அயலார் ஒரு வீட்டிலே கூடுவர். கதை சொல்வோர் கதை சொல்லுவர், பாடுவோர் பாடுவர், பிடில்காரர் அடுப்பருகே நாற்காலியில் அமர்ந்து வாசிப்பார். இத்தகைய கூட்டத்துக்குக் கேலிக் மொழியிலே 'கேய்லி' என்று பெயர். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போய்வருதல் என்பதே அச்சொல்லின் பொருள். ஸ்ராத்ஸ்பே எனப்படும் நிதானமான மெட்டில் தொடங்கும் வாசிப்பு, றீல் என்னும் விரைவான மெட்டுக்குத் தாவும். பிடில்காரரின் பாதமே தாளம்; சமையலறையின் மரத்தளமே ஆடரங்கு. கிழவரும் சிறுவரும் ஒரே வட்டத்தில் ஆடுவர்.

இங்கே குருகுலம் என்று ஒன்று இல்லை. பெரியோர் வாசிக்கக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் செவிவழியே கற்றனர். வாசித்தோர் பெரும்பாலும் இசையைத் தொழிலாகக் கொண்டவரும் அல்லர். கமக்காரர், மீனவர், சுரங்கத் தொழிலாளர் ஆகியோரே. இத்தீவின் பெரும் பிடில் கலைஞராகப் போற்றப்பட்ட ஹியூ அலன் மக்மாஸ்ரர் பல ஆண்டுகள் புகையிரத நிலையத்திலே பணிபுரிந்தவர். வேலை முடிந்த இரவுகளிலே ஊர் மண்டபங்களின் நடனங்களுக்கு வாசித்தார்.

வீட்டையே பள்ளியாகக் கொண்ட கலைக்கு ஓர் ஆபத்து உண்டு. வீட்டின் வழக்கம் மாறினால் பள்ளியும் மூடப்படும். இருபதாம் நூற்றாண்டிலே இளைஞர் வேலை தேடிப் பொஸ்ரன், ரொறன்ரோ முதலிய நகரங்களுக்குப் போயினர். கேலிக் மொழி வழக்கொழியத் தொடங்கியது. மாலை வேளையைத் தொலைக்காட்சி பற்றிக்கொண்டது. 1971-ஆம் ஆண்டிலே கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்காக ரொன் மகின்னிஸ் என்பவர் ஒரு விவரணப் படத்தை உருவாக்கினார். 'மறைந்துவரும் கேப் பிறெற்றன் பிடில்காரர்' என்பது அதன் பெயர். முதியோர் மறைந்தால் அவர் இடத்தை நிரப்ப இளையோர் இல்லை என்பதே அதன் சாரம்.

படத்தைக் கண்ட பலர் வருந்தினர், சிலர் சினந்தனர், 'எங்கே மறைந்தது?' என்று வாதிட்டோரும் உளர். ஆயின் அவர்கள் வாதத்தோடு நின்றுவிடவில்லை. குழு ஒன்று அமைத்து, வாசிக்கத் தெரிந்தோரை ஊரூராகத் தேடினர். பெட்டிக்குள் கிடந்த பிடில்கள் மீண்டும் வெளியே வந்தன. 1973-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, கிளென்டேல் என்னும் சிற்றூரில், பங்குக் குருவானவரான ஜோன் அங்கஸ் ராங்கின் அடிகளாரின் ஆதரவோடு பெருவிழா ஒன்று நடந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பிடில்காரர் ஒரே மேடையில் ஒருங்கே வாசித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஒரு குருவானவர் பிடில்களை வாங்கி அழித்தார் என்ற கதை வழங்கும் அதே தீவிலே, இப்பொழுது குருமாரே அவ்வாத்தியத்துக்குக் காவலராயினர்.

அந்த முயற்சியிலிருந்தே கேப் பிறெற்றன் பிடில்காரர் சங்கம் பிறந்தது. அதிலே வயதெல்லை இல்லை. பேரனும் பாட்டனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்து ஒரே மெட்டை வாசிக்கலாம். பிள்ளைகளுக்கென வகுப்புகளும் தோன்றின. ஸ்ரான் சப்மன் என்னும் ஆசிரியரிடம் பயின்ற சிறுவர்களுள் நற்றலி மக்மாஸ்ரர், ஆஷ்லி மக்ஐசக் ஆகியோர் பின்னர் உலகப் புகழ் பெற்றனர். நற்றலி, புகையிரத நிலையத்திலே பணிபுரிந்த அந்த மக்மாஸ்ரரின் சகோதரர் மகள் ஆவார்.

இம்மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. பழைய பிடில்காரர் ஒவ்வொருவரும் ஒரே மெட்டைத் தத்தமக்குரிய வில்வீச்சோடும் அலங்காரத்தோடும் வாசித்தனர். கேலிக் பேச்சின் ஏற்ற இறக்கம் அந்த வில்லிலே ஒலித்தது என்பர் பெரியோர். நூறு பேர் சேர்ந்து வாசிக்கையிலோ எல்லோருக்கும் பொதுவான ஒரு வடிவம் வேண்டும். அங்கே தனியொருவரின் நுட்பம் சற்றே மழுங்குதல் இயல்பு. ஆகையால் சங்கம் மட்டும் போதாது. அங்கே கற்ற பிள்ளை, பின்பு ஒரு முதியவரின் அருகே அமர்ந்து அவர் கையசைவையும் கவனித்தல் வேண்டும்.

ஒரு கலை மறைகிறது என்று பறைசாற்றுதல் எளிது. அக்கூற்று பொய்யாகும்படி செய்தல் அரிது. கேப் பிறெற்றன் மக்கள் அந்த அரிய செயலைச் செய்தனர். அவர்களுக்கு அரண்மனை ஆதரவு இருக்கவில்லை. சங்கீத சபைகளும் இருக்கவில்லை. இருந்தவை, முதியோரின் நினைவிலே மெட்டுகளும், அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவாவுமே. பெட்டிக்குள் கிடக்கும் வாத்தியம் எந்த வீட்டிலும் இருக்கலாம். அதைத் திறந்து பிள்ளையின் கையிலே கொடுப்பவர் ஒருவர் வேண்டும்.