கப்பலுக்கு முன்னால் கடுதாசி

(தலைப்பு: வெளிநாட்டில் பயிற்சி பெற நினைக்கும் மாணவருக்குப் பெரிதும் தேவைப்படுவது பணமா? திட்டமா? "திட்டமே" என்ற அணியில் ஒரு மாணவியின் பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, பணம்தான் வேணும்னு இவ்வளவு நேரம் பேசிப் பேசி எங்க எல்லாரையும் ஏழையாக்கிவிட்ட எதிரணி நண்பர்களே, (சிரிப்பு) எங்கள் அணியினரே, மூணாவது வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்கிற எங்க அப்பா அவர்களே!

எனக்கு முன்னால் பேசின அண்ணன் சொன்னாரு: "பணம் இருக்கிறவன் பறக்கிறான், இல்லாதவன் பார்த்துக்கிட்டு நிக்கிறான்." கைதட்டலும் வாங்கினாரு. நான் அவரை ஒண்ணு கேட்கிறேன். எங்க ஊர் கும்பகோணம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு இருக்கு. கணிதமேதை இராமானுஜன் வளர்ந்த வீடு. அந்த வீட்டில் பணம் இருந்ததா ஐயா? சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தவர். அவர் எப்படிக் கேம்பிரிட்ஜ் போனார்?

கடுதாசி எழுதினார். 1913 ஜனவரி 16-ஆம் தேதி ஹார்டிக்கு எழுதினார். அதுக்கு முன்னாலேயே அங்கிருந்த வேறு பேராசிரியர்களுக்கும் எழுதியிருந்தார். அவங்க கைகொடுக்கவில்லை. அதுக்காக மூலையில் உட்காரவில்லை. ஹார்டி பதில் போட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் மாசம் 75 ரூபாய் கொடுத்தது. பிறகு இங்கிலாந்து போக வருஷத்துக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-இல் கப்பல் ஏறினார். கணக்குப் பாருங்க. கடுதாசியிலிருந்து கப்பல் வரைக்கும் 14 மாசம்! நம்ம பிள்ளைங்க ஏப்ரல் மாசம் பரீட்சை எழுதிட்டு, மே மாசம் பாரிஸ் போக முடியுமான்னு ஏப்ரல் கடைசியில் கேட்கிறாங்க. (சிரிப்பு, கைதட்டல்)

நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிச்சேன். 2024-இல் பிரான்ஸ் நாட்டில் கிரனோபிள் நகரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் 11 வாரம் பயிற்சி எடுத்தேன். எங்க அப்பாவுக்கு வெற்றிலைக் கடை. எதிரணி சொல்ற பணம் எங்க வீட்டில் கிடையாது.

முதலில் என்ன நடந்தது தெரியுமா? ஒரு தரகர் வந்தார். "வெளிநாட்டுப் பயிற்சி, சான்றிதழ் உத்தரவாதம், ஒரு லட்சத்து எண்பதாயிரம் கட்டுங்க" என்றார். எங்க அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போனார். அம்மா கழுத்தில் இருந்த சங்கிலி அப்பா சட்டைப் பைக்கு வந்துவிட்டது. அடகுக்கடை வாசல் வரைக்கும் போயிட்டோம். வாசல்ல நின்னு நான் கேட்டேன்: "அப்பா, உங்க கடையில் வேலை பார்க்கிற பையன் உங்களுக்குச் சம்பளம் கொடுப்பானா? அங்கே போய் உழைக்கப் போறது நான். நாம எதுக்குக் காசு கட்டணும்?" அப்பா ஒரு நிமிஷம் யோசிச்சார். திரும்பி நடந்தார். சங்கிலி பழைய இடத்துக்கே போயிடுச்சு. (பலத்த கைதட்டல்)

பெற்றோர்களே, தயவுசெய்து இதை மனசில் வையுங்க. நல்ல ஆராய்ச்சிக்கூடம் உங்க பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளக் கட்டணம் கேட்காது. பணம் கட்டிப் போனால் அது பயிற்சி இல்லை, சுற்றுலா.

சரி, அப்புறம் என்ன செய்தேன்? 2023 செப்டம்பர் மாசம் 41 பேராசிரியர்களுக்கு எழுதினேன். எல்லாருக்கும் ஒரே கடிதத்தை நகல் எடுத்து அனுப்பவில்லை. ஒவ்வொருவர் எழுதிய கட்டுரையையும் படிச்சு, அதில் எனக்கு எது புரிஞ்சது, எது புரியலைன்னு ரெண்டு வரி எழுதினேன். 33 பேர் பதிலே போடலை. 6 பேர் இடமில்லைன்னாங்க. ரெண்டு பேர் வான்னாங்க. 41-இல் 2! எங்க அப்பா சொன்னார்: "கவலைப்படாதேம்மா, கடைக்கு வந்து விலை கேட்கிறவங்க எல்லாருமா வெற்றிலை வாங்குறாங்க?" (சிரிப்பு)

கிரனோபிள் பேராசிரியர் முதலில் 8 வாரம் வரச் சொன்னார். உதவித்தொகை பத்திப் பேச்சே இல்லை. இங்கேதான் ஐயா திட்டம் பணமாக மாறின இடம். பிரான்ஸில் ஒரு சட்டம் இருக்கு. ஒரே இடத்தில் ரெண்டு மாசத்துக்கு மேல் பயிற்சி செய்கிற மாணவருக்குப் படித்தொகை கொடுத்தே ஆகணும். 2024-இல் அது மணிக்குக் குறைந்தபட்சம் 4.35 யூரோ. 8 வாரம் போனால் கைக்கு ஒண்ணும் கட்டாயமில்லை. 11 வாரம் போனால் கட்டாயம் உண்டு. ஆனால் குறுகிய கால ஷெங்கன் விசாவில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. ரெண்டு மாசத்துக்கு மேல், 90 நாளுக்குள். அந்தச் சந்தில்தான் நான் வண்டி ஓட்டணும்! துறைத்தலைவரிடம் கல்லூரி திறந்த பிறகு மூணு வாரம் விடுப்புக்கு அனுமதி வாங்கிக்கிட்டு, "11 வாரமாக வரலாமா ஐயா" என்று பணிவாகக் கேட்டேன். அவருடைய ஆய்வுத்திட்டத்தில் பணம் இருந்தது. சம்மதிச்சார். வாரத்துக்கு 35 மணி நேரம், 11 வாரம். நம்ம பணத்தில் சுமார் ஒன்றரை லட்சம். கேட்டதால் கிடைச்சது. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை. (கைதட்டல்)

இப்போ எதிரணி கேட்கும்: "அப்போ பணம் வேண்டாமா?" வேணும். நான் ஒத்துக்கிறேன். மொத்தச் செலவு ரெண்டு லட்சம். வரவு ஒன்றரை லட்சம். துண்டு விழுவது ஐம்பதாயிரம். பேப்பரில் பார்த்தால் சின்னத் தொகை. ஆனால் ஐயா, படித்தொகை முதல் மாசம் வேலை முடிஞ்ச பிறகுதான் வரும். செலவு அதுக்கு முன்னாலேயே வாசல்ல வந்து நிக்கும்! விமான டிக்கெட் 68 ஆயிரம். அறைக்கு முன்பணமும் முதல் மாத வாடகையும் 50 ஆயிரம். மருத்துவக் காப்பீடு, விசா மையத்துச் சேவைக் கட்டணம், அலைச்சல் எல்லாம் 10 ஆயிரம். முதல் மாதச் சாப்பாடு, பஸ் 22 ஆயிரம். ஆக, ஒரு யூரோ கண்ணில் படும் முன்னால் ஒன்றரை லட்சம்!

ஏழைப் பிள்ளை தடுக்கி விழுற இடம் இதுதான். எவ்வளவு பணம் என்பதில் இல்லை, எந்தத் தேதியில் எவ்வளவு என்பதில். அதனால் நான் வரவு செலவுக் கணக்கு எழுதலை. தேதிக் கணக்கு எழுதினேன். காலண்டர்ல ஒவ்வொரு தேதிக்கும் நேரா ஒரு தொகை.

அந்தக் கணக்கைப் பார்த்தவர் எங்க அப்பா. 2023 ஜூன் மாசமே ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் சேர்ந்தார். மாசம் ஐயாயிரம். இடம் கிடைக்கும் முன்னாலேயே சேர்ந்தார்! பத்தாவது மாசம், மார்ச்சில், சீட்டை எடுத்தார். தள்ளுபடி போக 86 ஆயிரம் வந்தது. நான் டியூஷன் எடுத்துச் சேர்த்தது 24 ஆயிரம். பாக்கி 40 ஆயிரம். கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்குப் போனேன். "நன்கொடை வேண்டாம் ஐயா, நாலு மாசத்துக்குக் கடன் கொடுங்க. எந்தத் தேதியில் எனக்குப் பணம் வரும், எந்தத் தேதியில் திருப்பித் தருவேன் என்று இதோ எழுதியிருக்கிறேன்" என்று தாளை நீட்டினேன். வட்டியில்லாமல் கொடுத்தாங்க. வெறுங்கையோடு போய் நின்றிருந்தால் பரிதாபம் கிடைத்திருக்கும். தாளோடு போனேன், பணம் கிடைத்தது. (பலத்த கைதட்டல்)

இன்னும் ரெண்டு விஷயம். மாணவர், கல்லூரி, அங்குள்ள நிறுவனம் என்று மூணு பேரும் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தம் இல்லாமல் அங்கே பயிற்சி தொடங்காது. பிரான்ஸில் இருந்து கையெழுத்து நாலு நாளில் வந்தது. நம்ம ஊர் அலுவலகத்து முத்திரைக்கு மூணு வாரம் ஆச்சு. (சிரிப்பு) அந்த மூணு வாரத்தையும் காலண்டரில் முன்கூட்டியே குறிச்சு வச்சிருந்தேன். விசா மனுவைப் பயணத்துக்கு ஆறு மாசம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசி நாள் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?

இன்னொன்று, உடம்பு. இராமானுஜன் போன சில மாதங்களில் முதல் உலகப்போர் வந்தது. சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டார். 1917-இல் நோயில் விழுந்தார். 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல், 32 வயசில் நம்மை விட்டுப் போனார். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். அதனால் பெற்றோரே, பிள்ளைக்குப் பெட்டி வாங்கும் முன்னால் சமையல் கத்துக்கொடுங்க. பையனுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்! (கைதட்டல்) காப்பீடு ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30 ஆயிரம் யூரோவுக்கு எடுக்கணும் என்பது விதி. அதை வீண் செலவு என்று நினைக்காதீங்க.

முடிக்கிறேன் ஐயா. ஜூலையில் ஊர் திரும்பினேன். அறை முன்பணமும் திரும்பி வந்தது. செலவு போகக் கையில் ஒரு லட்சம் இருந்தது. 40 ஆயிரத்தைச் சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி சங்கத்தில் கட்டினேன். மீதி 60 ஆயிரத்தை, பாக்கிச் சீட்டுக்காக, அப்பா கையில் கொடுத்தேன். இராமானுஜனும் தம் உதவித்தொகையில் மாசம் 60 ரூபாய் வீட்டுக்குப் போக ஏற்பாடு பண்ணிட்டுத்தான் கப்பல் ஏறினார். அவருக்கும் எனக்கும் ஒற்றுமை அந்த அறுபதோடு சரி! (சிரிப்பு)

நான் கட்டின அந்த 40 ஆயிரத்தை அடுத்த வருஷம் இன்னொரு மாணவி வாங்கினாள். அவளும் திருப்பிக் கட்டிவிட்டாள். ஒரே பணம், ரெண்டு பெண்கள், ரெண்டு பயணம். பணம் அதேதான். அதை ஓட வைத்தது தேதி எழுதின ஒரு தாள். ஒவ்வொரு கல்லூரியிலும் இப்படி ஒரு சுழல்நிதி வைத்தால் எத்தனை சங்கிலிகள் அடகுக்கடைக்குப் போகாமல் அம்மாக்கள் கழுத்திலேயே இருக்கும்!

ஆகவே, பணம் வண்டிதான், திட்டமே அச்சாணி என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, எங்க அப்பா கைக்குட்டையை எடுக்கும் முன்னால் விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)