பெயர் பொறிக்காத பெருமகன்



ஐஸ்லாந்து தேசத்து ஃப்ரிட்ரிக் தோர் ஃப்ரிட்ரிக்சன் 1980-இல் எடுத்த குறும்படத்தை இப்பொழுது கண்டீர்கள். வாள் இல்லை, குதிரை இல்லை; புராதன நியால் கதையின் புத்தகம் ஏடு ஏடாகப் புரட்டப்பட்டு, இறுதியில் தீக்கிரையாகிறது. "இதுவா காவியத்தைப் படமாக்குவது?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது என் செவியிலும் விழுந்தது. (சிரிப்பு)

கேளுங்கள், ஐயா! சட்டம் கற்றவராய், சமாதானப் பிரியராய், தாடி முளைக்காதவர் என்று பகைவர் ஏளனத்துக்கு ஆளானவராய் வாழ்ந்த நியாலை, ஆயுதத்தால் வெல்வது அரிதென்று கண்ட கூட்டம் வீட்டோடு கொளுத்தியது. வெளியேற அனுமதி கிடைத்தும் மனைவி பெர்க்தோரா கணவரைப் பிரிய மறுத்தாள். பேரன் தோர்த் பாட்டியைப் பிரிய மறுத்தான். மூவரும் படுத்து மாட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டனர். பின்னர் சாம்பலைக் கிளறியபோது தேகங்கள் கருகவில்லை. தோலுக்கு வெளியே நீண்டிருந்த பாலகனின் விரல் ஒன்றே எரிந்திருந்தது.

அந்த ஒற்றை விரலை எழுதினானே, அவன் யார்? 1280-ஐ ஒட்டி வாழ்ந்தவன் என்கிறார்கள்; பிரதிகள் ஏறத்தாழ அறுபது இருக்கின்றன, ஒன்றிலும் அவன் பெயர் இல்லை! தெருவிளக்கு ஒன்றை நட்டுவிட்டு, கம்பத்தில் தம் பெயரையும் தந்தையார் பெயரையும் பாட்டனார் பெயரையும் பொறித்துக்கொள்ளும் பிரமுகர்கள் – யாரென்று நான் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும் – அவனிடம் அரை நாழிகை பாடம் கேட்கட்டும். பெயர் பளபளக்கிறது, விளக்குத்தான் எரிவதில்லை! (பலத்த கைதட்டல்)

படத்துக்கு வருகிறேன். 1728-இல் கோபன்ஹேகன் நகரம் பற்றியெரிந்தபோது, ஐஸ்லாந்து அறிஞர் ஆர்னி மாக்னுசன் ஆயுள் முழுதும் திரட்டிய நூற்செல்வத்தில் ஒரு பகுதி சாம்பலாயிற்று. அந்நகரில் இருந்த ஐஸ்லாந்துச் சுவடிகள் 1971 முதல் தாயகம் திரும்பத் தொடங்கியபோது, ரெய்க்யவிக் துறைமுகத்தில் ஜனங்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள். ஏட்டை அப்படிப் போற்றுகிற தேசத்துப் பிள்ளை ஒருவன் புத்தகத்துக்கே நெருப்பு வைத்தான் என்றால், அது அவமதிப்பன்று. நியாலைச் சுட்ட தீயை நடிகர் முகங்களில் காட்டாமல், அந்தப் பெயரற்றவனின் எழுத்தின்மீதே ஏற்றிக்காட்டிய பக்தி. எரிந்தது ஒரு பிரதி. கதையை எந்தத் தீ தொட்டது?

ஆகவே செயலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த வாரம் அந்தப் பிரமுகர்களை அழைத்து இப்படத்தை மீண்டும் திரையிடுங்கள், அழைப்பிதழில் மட்டும் அவர்கள் பெயரைப் போடாதீர்கள். வருகிறார்களா, பார்ப்போம்!