பூவுக்கு வரும் விருந்தாளி

லயத்துக்குப் பின்னால் பூசணிக்கொடி போட்டிருப்பீர்கள். கொடி செழித்துப் படர்கிறது, பூவும் நிறையப் பூக்கிறது. பிஞ்சு மட்டும் வெம்பி உதிர்ந்துவிடுகிறது. கண்ணேறு என்று பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடுவதை நாமும் பார்த்திருக்கிறோம். செருப்பின்மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால், பலமுறை காரணம் வேறு: பூவுக்குத் தேனீ வரவில்லை.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். இரண்டும் விடியற்காலையில் விரிந்து, உச்சிப்பொழுதுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில், பூவின் அடியில் ஊறும் தேனைக் குடிக்க வரும் தேனீதான் ஆண் பூவின் மகரந்தத்தை உடம்பில் சுமந்து பெண் பூவில் சேர்க்கிறது. ஒரு தடவை வந்தால் போதாது. பல தடவை வந்தால்தான் உள்ளே விதை நிறையப் பிடித்து, காய் திரண்டு வளரும். குறைந்தால் ஒரு பக்கம் சூம்பிப்போகும். பூச்சிமருந்து அடித்தே தீரவேண்டுமென்றால் காலையில் வேண்டாம். பூ மூடிய பிறகு மாலையில் அடியுங்கள்.

சரி, தேனே இல்லாத பூவுக்கு யார் வருவார்? நம் வேலைக்காட்டுச் செம்பனையைப் பாருங்கள். அதன் பூவில் தேன் கிடையாது. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1917இல் சிலாங்கூரில் செம்பனைத் தோட்டம் போட்டபோது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம் இருந்தது. அதன் வண்டு கூட வரவில்லை. அதனால், பல தோட்டங்களில் தொழிலாளர்களே மரம் மரமாகப் போய் மகரந்தத்தூளை ஊதினார்கள். வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1981இல் கேமரூன் நாட்டுக் கூன்வண்டைக் கொண்டுவந்து ஜொகூர், குளுவாங் வட்டாரத்தில் விட்டார்கள். எறும்பளவுதான் இருக்கும். ஆண் பூ விரியும்போது சோம்பு வாசனை வீசும்; வண்டுகள் அங்கே மொய்க்கும். பெண் பூவும் அதே வாசனையை இலேசாக வீசுவதால், ஏமாந்து அங்கேயும் போய் மகரந்தத்தை உதிர்த்துவிடும். குலையில் பருப்புள்ள பழங்கள் கூடின, குலை கனத்தது. ஊதும் வேலை பலருக்கு இல்லாமற்போனதும் அதனால்தான், அதை மறைப்பதற்கில்லை.

ஆண் பூ காய்ந்து கறுத்துவிட்டது என்று உடனே வெட்டி எறியாதீர்கள். வண்டு முட்டையிட்டுப் பெருகுவது அதற்குள்ளேதான். ஒன்றைப் பிளந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளியும்.